டிஷ் விற்றவர் சொன்னது ஒன்று, பில்லில் இருப்பது வேறு: புகாரை எங்கிருந்து தொடங்குவது?

எங்கள் தெருமுனையில் குடை போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பையன்களிடம் அம்மா ஒரு டிடிஎச் இணைப்பு வாங்கினார். "1,799 ரூபாய்தான்மா. ஒரு வருஷத்துக்கு எல்லாத் தமிழ்ச் சேனலும் ஓடும், மாசாமாசம் ரீசார்ஜ் பண்ற வேலையே இல்ல" என்றார்கள். முப்பத்தோராம் நாள் டிவியில் படம் நின்றது. கஸ்டமர் கேரில் கேட்டபோது, அந்தப் பணம் பாக்ஸுக்கும் டிஷ்ஷுக்கும் மாட்டிய கூலிக்கும் ஒரு மாத பேக்குக்கும்தான் என்றார்கள். அம்மா கையில் இருந்ததோ ஒரு துண்டுச்சீட்டு. "1799 பெய்டு" என்பதைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை.

பணம் திரும்பி வந்தது. ஆனால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதை, புகார் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் செய்யும்படி இங்கே எழுதுகிறேன்.

படி 1: முதலில் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

"ஏமாத்திட்டாங்க" என்று போனில் கத்தினால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. எந்தத் தொகையில் ஏமாற்றம் என்று சொல்லத் தெரிய வேண்டும். டிடிஎச் செலவில் இரண்டு பகுதி உண்டு. ஒருமுறை கட்டுவது: பாக்ஸ், டிஷ், பொருத்தும் கூலி. மாதாமாதம் கட்டுவது: என்சிஎஃப் எனப்படும் இணைப்புக் கட்டணம், கட்டணச் சேனல்களின் விலை, இவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

தொலைத்தொடர்பு, டிவி சேவைகளுக்கு விதி வகுக்கும் டிராய் அமைப்பு 2017-ல் கொண்டுவந்த விதிகள் 2019 பிப்ரவரியில் நம் வீடுகளுக்கு வந்தன. அப்போது 100 சேனலுக்கு என்சிஎஃப் 130 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றார்கள். 2020-ல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்று மாற்றினார்கள். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். பொருத்தும் கூலி, வீட்டுக்கு வந்து பழுது பார்க்கும் கூலி ஆகியவற்றுக்கும் இப்போது வரம்பு இல்லை. ஆகவே "இது கவர்மென்ட் ரேட்டு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் கட்டணங்களை வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். அறிவித்த தொகையையும் உங்களிடம் வாங்கிய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், அதுதான் உங்கள் புகாரின் முதல் வரி.

"இந்த பேக் எடுத்தாத்தான் அந்தச் சேனல் வரும்" என்பதும் பொய். கட்டணச் சேனலைத் தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இன்னொன்று: அரசின் ஒளிபரப்பு அமைப்பான பிரசார் பாரதி நடத்தும் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தாவே கிடையாது. பாக்ஸும் டிஷ்ஷும் வாங்கும் செலவோடு முடிந்தது. அதற்கு மாதாமாதம் பணம் கேட்டு யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

நிறுவனத்தின் ஆப்பில் நுழைந்து, உங்கள் கணக்கில் ஓடும் சேவைகளின் பட்டியலையும் பாருங்கள். அம்மாவின் கணக்கில் அவர் கேட்காத ஒரு சமையல் சேவையும் ஒரு பக்திச் சேவையும் இருந்தன. "முதல் சில நாள் இலவசம்" என்று சேர்த்து, பிறகு தினமும் பணம் கழிப்பது. எனக்கு இதில்தான் கோபம் அதிகம். வயதானவர்கள் அந்தப் பட்டியலைத் திறந்தே பார்க்க மாட்டார்கள். கேட்காததைக் கூடையில் திணிப்பதும், எளிதில் வெளியேற முடியாத சந்தாவில் மாட்டுவதும், 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடுக்கும், இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 தந்திரங்களில் அடங்கும். புகாரில் இதைக் குறிப்பிடுங்கள்.

படி 2: வாய்ப்பேச்சை எழுத்தாக்குங்கள்

பெரும்பாலான புகார்கள் தோற்பது இந்த இடத்தில்தான். விற்றவர் என்ன சொன்னார் என்பது காற்றோடு போய்விடும். நிறுவனத்திடம் இருப்பது நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட படிவம்.

நான் செய்தது இது. விற்ற பையனின் எண்ணுக்கு, கோபமே காட்டாமல், அம்மா போனிலிருந்து ஒரு வாட்ஸ்அப் அனுப்பினேன்: "தம்பி, 1,799-க்கு ஒரு வருஷம் ஓடும்னு சொன்னீங்களே, இப்ப நின்னுடுச்சு. எப்போ சரியாகும்?" பதில் வந்தது: "ஆபீஸ்ல சொல்லிட்டேன்மா, ஒரு வருஷம் ஆக்டிவேட் பண்ணிடுவாங்க." அந்த ஒற்றை வரிதான் கடைசிவரை எங்களுக்குக் கைகொடுத்தது. திட்டி அனுப்பியிருந்தால் எண்ணை பிளாக் செய்துவிட்டுப் போயிருப்பார்.

இதோடு, யுபிஐ கட்டணத்தின் ஸ்கிரீன்ஷாட், விற்றவர்கள் தந்த விளம்பர நோட்டீஸ் இருந்தால் அதன் போட்டோ, ரீசார்ஜ் வரலாறு, பாக்ஸின் எண் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். இணைப்பு வாங்கும்போது நிரப்பிய விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், யார் முன்னிலையில், எந்தத் தேதியில் என்று அன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

படி 3: நிறுவனத்திடம் புகார்

கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். போலி எண்கள் அங்கே நிறைய உலவுகின்றன. ஆப்பிலோ பாக்ஸ் வந்த அட்டைப்பெட்டியிலோ உள்ள எண்ணை எடுங்கள். பணம் திருப்பித் தருகிறேன் என்று ஓடிபி கேட்டால் உடனே போனை வையுங்கள்.

பேசியதும் புகார் எண் வாங்குங்கள். அது இல்லாமல் போனை வைக்கவே கூடாது. அன்றைக்கே மின்னஞ்சலும் அனுப்புங்கள். நாங்கள் அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

"வாடிக்கையாளர் எண் ____. ____ தேதியில் உங்கள் விற்பனையாளர் ஓராண்டுச் சேவை என்று கூறி 1,799 ரூபாய் பெற்றார். அதை அவர் எழுத்தில் உறுதி செய்த செய்தி இணைப்பில் உள்ளது. 30 நாளில் சேவை நின்றது. நாங்கள் கேட்காத இரு சேவைகளுக்கும் பணம் கழிக்கப்பட்டுள்ளது. ஓராண்டுச் சேவையை வழங்கவும், அல்லது இணைப்பை எடுத்துக்கொண்டு முழுத் தொகையைத் திருப்பித் தரவும். கழித்த தொகையையும் தரவும். 15 நாளில் எழுத்தில் பதில் வேண்டும்."

என்ன நடந்தது, என்ன ஆதாரம், என்ன வேண்டும், எத்தனை நாளில். இவ்வளவு போதும். பதில் சரியில்லை என்றால் நிறுவனத்தில் தீராத புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் விவரம் அவர்கள் இணையதளத்தில் இருக்க வேண்டும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பலர் நேராக டிராய்க்கு எழுதுகிறார்கள். டிராய் விதி வகுக்கும் அமைப்பு. தனிநபர் புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது அதன் வேலை அல்ல.

படி 4: 1915

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் புகார் தரலாம். அவர்கள் உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை; ஆனால் கஸ்டமர் கேரில் நகராத கோப்பு இங்கே நகர்வதை நான் பார்த்தேன்.

படி 5: மாவட்ட நுகர்வோர் ஆணையம்

அதற்கும் மசியவில்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மனுவை நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

மனுவில் "நியாயமற்ற வணிக நடைமுறை", "சேவைக் குறைபாடு" என்ற இரண்டையும் எழுதுங்கள். "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று எழுதிவிடாதீர்கள். அந்த வகைப் புகாரை விசாரிப்பது மாநில ஆணையமும் தேசிய ஆணையமும்தான்.

"இது தொலைத்தொடர்பு விவகாரம், நுகர்வோர் நீதிமன்றத்துக்கு வராது" என்று நிறுவனம் சொல்லலாம். டிராய் சட்டத்தின் 14-வது பிரிவே தனிநபர் நுகர்வோரின் புகாரைத் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்தின் எல்லையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அதைக் காட்டுங்கள்.

எங்களுக்கு இந்தப் படி தேவைப்படவில்லை. 1915-க்குப் பிறகு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. "500 ரூபாய் ரீசார்ஜ் போட்டுடறோம், புகாரை முடிச்சிக்கங்க" என்றார்கள். உங்களுக்கும் இப்படி வரும். போனில் சம்மதிக்காதீர்கள், எவ்வளவு, எந்தக் கணக்கில், எந்தத் தேதிக்குள் என்பதை மின்னஞ்சலில் கேளுங்கள். பணம் வங்கியில் ஏறிய பிறகுதான் புகாரை முடிக்கச் சொல்ல வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். 1,799 ரூபாயும் சேவைகளுக்குக் கழித்த தொகையும் அம்மாவின் கணக்குக்கு வந்தன. மறுநாள் ஆள் வந்து மொட்டை மாடியிலிருந்த டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு போனார்.