பாலை மரம்: பெயரை நம்பி ஏமாற வேண்டாம்

இலங்கையின் வன்னிக் காடுகளில் வைகாசி, ஆனி மாதங்களில் மஞ்சள் மஞ்சளாய்ப் பழுத்து நிற்கும் பாலை மரத்தைப் பற்றித் தேடினால், பல நேரம் வேறொரு மரத்தின் விவரம்தான் கைக்கு வரும். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுவதால் வரும் குழப்பம் இது. வெட்பாலை, குடசப்பாலை, ஏழிலைப்பாலை மூன்றும் அரளிக் குடும்பம். ஈழத்தில் வெறுமனே ‘பாலை’ என்றால் அது இலுப்பை, சப்போட்டா குடும்பத்து மரம். தமிழ்நாட்டில் உலக்கைப்பாலை என்பார்கள். அறிவியல் பெயர் மணில்கரா ஹெக்ஸாண்ட்ரா. பூவில் ஆறு மகரந்தத்தாள் இருப்பதால் வந்தது ‘ஹெக்ஸாண்ட்ரா’ என்ற பெயர்.

கிளையை ஒடித்துப் பால் வடிகிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே சொன்ன எல்லா மரத்திலும் பால் வடியும். இலையைப் பாருங்கள், அதுதான் உறுதியான அடையாளம். வெட்பாலையில் இலைகள் எதிரெதிராக, கூர்நுனியோடு இருக்கும். பாலையிலோ மாற்றடுக்காக, கிளை நுனியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இலையின் நுனி அகன்று, நடுவில் யாரோ நகத்தால் கிள்ளியதுபோல் உள்வாங்கியிருக்கும். காய்க்கும் காலமென்றால் இன்னும் சுலபம். வெட்பாலைக்கு நீண்ட இரட்டைக் காய், உள்ளே பஞ்சு. பாலைக்கு வேப்பம்பழம் அளவில் சதைப்பழம், பளபளவென்ற கொட்டை.

மரத்தை அறுத்தால் வேறுபாடு இன்னும் தெளிவு. வெட்பாலை வெளுத்த, இலகுவான மரம். கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மைகளை அதில்தான் கடைவார்கள். பாலையின் வைரம், அதாவது உள்மரம், செம்பழுப்பு; தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனம். உலக்கை செய்ய இதைத் தேடியதில் வியப்பில்லை.

சப்போட்டா ஒட்டுக்கன்றுகளுக்குப் பெரும்பாலும் இந்த மரம்தான் வேர்ச்செடி, அதாவது ஒட்டைத் தாங்கும் அடிச்செடி. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைச் சப்போட்டாக் கிளை என்று வளரவிட்டால் மேலே உள்ள ஒட்டு நலிந்துவிடும். பார்த்தவுடன் கிள்ளிவிடுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பழத்துக்காகக் கிளையையே வெட்டிச் சாய்ப்பது. பாலை மிக மெதுவாக வளரும் மரம். ஒரு மத்தியானத்தில் வெட்டிய கொப்பு திரும்பி வர எத்தனையோ ஆண்டு ஆகும். உதிர்ந்ததைப் பொறுக்குங்கள், எட்டியதைப் பறியுங்கள், போதும்.

அப்புறம் ஒன்று. வில்பத்து, யால காடுகளில் இந்தப் பழத்துக்காகக் கரடிகள் மரமேறுவது எல்லாருக்கும் தெரியும். வன்னியிலும் கரடி உண்டு. பழக்காலத்தில் தனியாகப் போகாதீர்கள். மரத்தடிக்குப் போகுமுன் நின்று, அண்ணாந்து கொப்புகளைப் பாருங்கள்.