தண்ணி பில் திடீரெண்டு ஏறிட்டா சண்டைக்குப் போக முதல் மீட்டரப் பாருங்க

கொழும்புப் பக்கம் போன மாசம் வரைக்கும் ஒழுங்கா வந்த தண்ணி பில் இந்த மாசம் ரெண்டு மடங்கு வந்தா, எல்லாரும் முதல்ல சொல்றது மீட்டர் பாக்க வந்த ஆள் பிழையா எழுதிட்டார் எண்டுதான். அப்பிடியும் நடக்கும், இல்லையெண்டில்ல. ஆனா கூடுதலா காரணம் வீட்டுக்குள்ள ஒழுக்கு. பைப் வேலை செய்யிற பாஸைக் கூப்பிட்டு காசு குடுக்க முதல் நீங்களே ஒரு மணித்தியாலத்துல பாத்துடலாம்.

பில்லைக் கையில எடுத்துக்கொண்டு மீட்டர்கிட்டப் போங்க. கறுப்பு நம்பர்தான் யூனிட், ஒரு யூனிட் எண்டா 1000 லீட்டர். சிவப்பா இருக்கிற நம்பரும் சின்ன முள்ளுகளும் அதுக்குக் கீழ லீட்டர் கணக்கு. பில்லுல போட்டிருக்கிற வாசிப்ப விட மீட்டர்ல குறைவா இருந்தா அது அவங்கட பிழை, போட்டோ எடுத்துக்கொண்டு நீர் வழங்கல் சபைட 1939க்கு அடிங்க, பில்லுல இருக்கிற கணக்கு நம்பரக் கேப்பாங்க, அத ரெடியா வைங்க.

நம்பர் சரியா இருந்தா இனி உங்கட பக்கம். வீட்டுல எல்லா பைப்பையும் பூட்டுங்க, வாஷிங் மெஷின் ஓடக்கூடாது, நிலத்துக்குக் கீழ இருக்கிற சம்ப் டாங்கி நிரம்பி, தண்ணிய நிப்பாட்டிற போல் வால்வ் (ball valve) மூடிட்டுதா எண்டும் பாருங்க, இல்லாட்டி டாங்கிக்குப் போற தண்ணிய ஒழுக்கு எண்டு நினைச்சுக் குழம்புவீங்க. மீட்டர் நடுவுல சின்ன நட்சத்திரம் மாதிரி ஒண்டு இருக்கும், தண்ணி கொஞ்சம் போனாலே சுத்தும். எல்லாம் பூட்டியும் அது மெதுவா சுத்திக்கொண்டே இருந்தா எங்கயோ போகுது. ஒரு மணித்தியாலத்துல 20 லீட்டர் ஓடுது எண்டு வைங்க, பாக்க ஒண்டுமில்ல, ஆனா நாளைக்கு 480 லீட்டர், மாசத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல. யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டுக்கான விலையும் ஏறும், அதால பில் ஒழுக்கை விட வேகமாப் பாயும்.

அடுத்தது மீட்டருக்குப் பிறகு இருக்கிற வால்வைப் பூட்டிப் பாருங்க. நட்சத்திரம் நிண்டுட்டா ஒழுக்கு வால்வுக்கு உள்பக்கம், அது வீட்டுக்காரர் தலையில. ரோட்டுல இருந்து மீட்டர் வரைக்கும் வாற பைப் வெடிச்சா அது நீர் வழங்கல் சபைட வேல, அதுவும் 1939தான். அந்தத் தண்ணி மீட்டருக்கு வர முதலே போறதால உங்கட பில்லுல ஏறாது, ஆனாலும் சொல்லுங்க. மீட்டரக் கழட்டவோ திருப்பவோ போகவேண்டாம்.

கொழும்புல ஒழுக்கு எண்டா நான் முதல்ல சந்தேகப்படுறது கொமட் சிஸ்டர்ன், அதான் ஃப்ளஷ் பண்ற தண்ணி டாங்கி. சத்தமே இல்லாம இரவு பகலா ஓடும். கேக்குக்குப் போடுற கலரிங் நாலு சொட்டு சிஸ்டர்னுக்குள்ள விட்டுட்டு அரை மணித்தியாலம் ஒருத்தரும் ஃப்ளஷ் பண்ணாம இருங்க, கொமட்டுக்குள்ள கலர் இறங்கியிருந்தா அடியில இருக்கிற வாஷர் போயிட்டுது, சின்னச் செலவுதான். அதுக்குப் பிறகு மேல் டாங்கி, போல் வால்வ் பழுதாகி மிஞ்சிற தண்ணி ஓவர்ஃப்ளோ பைப்பால கூரைப் பீலிக்குள்ள விழுந்து மழைத்தண்ணிக் கானுக்குப் போயிடும், ஆருக்கும் தெரியாது. சம்ப் வெடிச்சிருக்கெண்டு சந்தேகம் வந்தா இரவு உள்ள வாற வால்வைப் பூட்டி, மோட்டரையும் போடாம, தண்ணி மட்டத்துல சோக்கால ஒரு கோடு போட்டுட்டுக் காலைல பாருங்க.

இன்னொண்டு. ரோட்டு பைப்புலயே நேரடியா மோட்டரப் பூட்டி இழுக்கிற ஆக்கள் இருக்கினம், செய்யவே செய்யாதீங்க. பக்கத்து வீட்டுக்குத் தண்ணி வராது எண்டது ஒரு பக்கம், பைப்புல எங்கயாவது வெடிப்பு இருந்தா பக்கத்துக் கானுத் தண்ணியையும் சேத்து இழுத்துக் குடிக்கப் போறது நீங்கதான். அம்பத்தளையில களனி கங்கைத் தண்ணிய அவ்வளவு பாடுபட்டுச் சுத்திகரிச்சு அனுப்பி என்ன பிரயோசனம்?

தண்ணி வெட்டு முடிஞ்ச உடன மீட்டர் டெஸ்ட் செய்யவேண்டாம், பைப்புக்குள்ள இருக்கிற காத்தும் நட்சத்திரத்தச் சுத்தும். அந்த நேரம் வாற முதல் தண்ணி மண்ணிறமா இருந்தா தோட்டத்துப் பைப்பத் திறந்து தெளியும் வரைக்கும் விட்டுட்டுப் பிறகு சம்புக்கு விடுங்க.

இப்ப கழிவுத்தண்ணி. இங்கதான் ஆக்கள் பிழையான இடத்துக்கு அடிச்சு அலையிறது. கொழும்பு மாநகரசபை எல்லைக்குள்ள, அதாவது வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை பக்கமெல்லாம், ரோட்டுக் கழிவு லைன் மாநகரசபைட பொறுப்பு. தெகிவளை, கல்கிசை, கொலன்னாவைப் பக்கம் லைன் இருக்கிற இடத்துல அது நீர் வழங்கல் சபை. லைனே இல்லாத இடத்துல உங்கட மலக்குழிதான், நிரம்பினா அத உறிஞ்சி எடுக்கிற கலி பவுசர் வண்டியக் கூப்பிடோணும்.

கொமட்டால தண்ணி மேல வந்தா கேட் பக்கம் இருக்கிற கடைசி மேன்ஹோல் மூடியத் திறந்து பாருங்க. நிரம்பி நிண்டா அடைப்பு ரோட்டுப் பக்கம், சும்மா பாஸுக்குக் காசு குடுக்காதீங்க. காஞ்சு கிடந்தா அடைப்பு உங்கட லைன்ல. உள்ள மட்டும் இறங்கவேண்டாம், வேற ஆளையும் இறக்கவேண்டாம், நச்சுக் காத்துல ஆள் முடிஞ்சிடும்.

மழை பெய்யேக்க மட்டும் கீழ் வீட்டு பாத்ரூமால கழிவு வந்தா, மேல ஆரோ பீலித் தண்ணியக் கழிவு லைனுக்குக் குடுத்திருக்கினம். மழைத்தண்ணிக்குக் கான் வேற, கழிவுக்கு லைன் வேற. அந்த லைன் பம்ப் ஸ்டேசன் வழியா முகத்துவாரத்துலயும் வெள்ளவத்தையிலயும் கடலுக்குப் போறது, அடைமழையத் தாங்கிறதுக்குக் கட்டினதில்ல. கமிட்டி இருக்கிற ஃப்ளாட் எண்டா இத எழுத்துல குடுங்க, வாயால சொன்னா ஒருத்தரும் கேக்கமாட்டினம்.

புதுசா வாடகைக்கு அனெக்ஸ் (வீட்டோட சேந்த தனிப் பகுதி) எடுக்கிற ஆக்கள் சாவி வாங்கிற அண்டைக்கே மீட்டரப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்ல போட்டுடுங்க, கடைசி பில்லையும் கேட்டு வாங்கி நிலுவை எண்டு ஏதும் இருக்கா எண்டு பாருங்க, இருந்தா அட்வான்ஸ் குடுக்க முதல் அதக் கட்டச் சொல்லுங்க.