குமரியின் பழைய கடிதம், படம், அறிக்கை: இணையத்தில் தேடும் முறை

1940களின், 50களின் தாள்களைத் தேடுபவர்கள் ‘கன்னியாகுமரி மாவட்டம்’ என்று தட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லையென்று விட்டுவிடுகிறார்கள். அந்த மாவட்டம் பிறந்ததே 1956 நவம்பர் 1-ல்தான். அதுவரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூர் தாலுகாக்கள்; 1949 ஜூலையிலிருந்து திருவிதாங்கூர்-கொச்சி. எனவே ஆங்கிலத்தில் ‘டிராவன்கூர்’ என்பதோடு தாலுகா பெயரையோ ஊர்ப் பெயரையோ சேர்த்துத் தேடுங்கள்.

ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் எழுதிய விதத்திலும் போட வேண்டும். கன்னியாகுமரி ‘கேப் காமரின்’ ஆகியிருக்கும். குழித்துறையின் ழகரத்துக்கு ‘எல்’, ‘இசட் எச்’ இரண்டையும் முயலுங்கள். இரணியல் ‘ஈ’யில் தொடங்கும் எழுத்துக்கூட்டலிலும் வரும். தமிழில் தேடுவது பட்டியல் தமிழில் இருந்தால் மட்டுமே பலிக்கும். கையெழுத்துக் கடிதங்களின் உள்ளே பெரும்பாலான தளங்கள் தேடுவதில்லை. கோப்பின் தலைப்பில்தான் தேடுகின்றன. அதனால் ஆள் பெயரை விட்டு ‘மருத்துவமனை’, ‘எல்லை’, ‘மீன்பிடி’ போன்ற பொருள் சொற்களை ஆங்கிலத்தில் போட்டால் அதிகம் அகப்படும்.

அரசுக் கோப்புகளுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளம். 1955-ல் வந்த மாநில மறுசீரமைப்பு ஆணைய அறிக்கை, 1951 மக்கள்தொகைக் கணக்கின் திருவிதாங்கூர்-கொச்சி தொகுதி போன்ற அச்சு நூல்களுக்கு ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’. நாகர்கோவில், நெய்யூர் மிஷன் கடிதங்களும் படங்களும் லண்டன் மிஷனரி சங்கத்தின் ஆவணங்களோடு லண்டன் சோவாஸ் நூலகத்தில் உள்ளன. பட்டியலில் இருப்பதெல்லாம் ஸ்கேன் ஆனதல்ல. குறிப்பு எண்ணைக் கொடுத்து நகல் கேட்க வேண்டியிருக்கும். திருவிதாங்கூர் அரசின் மூலத்தாள்களுக்குத் திருவனந்தபுரத்து கேரள மாநில ஆவணக் காப்பகத்தை மறக்காதீர்கள்.

அதிகம் சறுக்கும் இடம் தேதி. கோப்பில் 10-12-1124 என்றிருந்தால் அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள நாட்காட்டியின் ஆண்டு. மாத எண் ஆவணியிலிருந்து (சிங்ஙம்) தொடங்கும். 12 என்றால் ஆடி (கர்க்கடகம்). ஆங்கில ஆண்டு கிடைக்க, ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முடிய 824, ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை 825 கூட்டுங்கள். அப்படிப் பார்த்தால் 10-12-1124 என்பது 1949 ஜூலைக் கடைசி. டிசம்பர் என்று படித்தால் மாதம் மட்டுமல்ல, ஆண்டும் ஒன்று பின்னால் போய் 1948 ஆகிவிடும், நிகழ்வுகளின் வரிசையே கவிழும். கணக்குத் தாள்களில் ரூபாய், சக்கரம், காசு வரும்: 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

படத்துக்குத் தளம் தரும் ஆண்டை அப்படியே நம்பாதீர்கள். அது சிலசமயம் அட்டவணைப்படுத்தியவரின் ஊகம். படத்துக்குள்ளேயே சாட்சி இருக்கும். குமரிக் கடற்கரையில் காந்தி மண்டபம் முழுமையாக நின்று, பாறையில் விவேகானந்தர் மண்டபம் இல்லையென்றால் 1956-க்கும் 1970-க்கும் இடைப்பட்டது. நெகட்டிவிலிருந்து எடுத்தவை இடவலம் மாறியிருக்கலாம். கடைப் பலகை எழுத்தைப் பாருங்கள், பலகை இல்லையேல் சேலை முந்தானை எந்தத் தோளில் என்று பாருங்கள். பின்பக்கம் ஸ்கேன் ஆகியிருந்தால் அதையும் இறக்குங்கள், பென்சில் குறிப்பு அங்கேதான் கிடக்கும்.

மங்கிய கார்பன் நகல் வாசிக்க முடியாவிட்டால் பெரிய அளவில் இறக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுங்கள். கோப்புப் பெயரில் காப்பகம், குறிப்பு எண், பக்க எண் மூன்றையும் அப்போதே போட்டுவிடுங்கள். தளத்தின் முகவரி மாறினாலும் குறிப்பு எண்ணைக் கொண்டு அந்தத் தாளை மீண்டும் எடுக்கலாம்.