யூராலஜி போஸ்டிங்: முதலில் டியூப் போடப் பழகுங்கள்

எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு யூராலஜி (சிறுநீர்ப்பாதை அறுவை சிகிச்சைத் துறை) போஸ்டிங் வந்தால் பாதிப் பேர் கையெழுத்தைப் போட்டுவிட்டு லைப்ரரிக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர் தியேட்டர் மூலையில் நின்று திரையைப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், வார்டிலேயே இருந்து, கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் டியூப்) போடப் பழகுங்கள். பின்னால் எந்தப் பி.ஜி. எடுத்தாலும், ராத்திரி டியூட்டியில் நீர் அடைத்து, அடிவயிறு பானை மாதிரி உப்பி, ஒரு தாத்தா வரத்தான் செய்வார்.

வயது வந்த ஆணுக்குப் பெரும்பாலும் 16 பிரெஞ்ச் அளவு ஃபோலி, அதாவது நுனியில் பலூன் உள்ள கதீட்டர், போதும் (3 பிரெஞ்ச் என்றால் ஒரு மில்லிமீட்டர் விட்டம்). மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஜெல்லி 10 மில்லியை மூத்திரக்குழாயில் மெதுவாக ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். எல்லோரும் அவசரப்படுவது இந்த ஐந்து நிமிடத்தில்தான். அப்புறம் குறியை நேராகத் தூக்கிப் பிடித்து, டியூபை அது இரண்டாகப் பிரியும் இடம்வரை முழுக்க உள்ளே விடுங்கள். நீர் வந்த பிறகே பலூன். அதுவும் ஸ்டெரைல் வாட்டரில். சலைன் என்றால் உப்புப் படிந்து பிறகு பலூன் சுருங்காமல் அடம்பிடிக்கலாம். பாதி வழியிலேயே ஊதினீர்களானால் மூத்திரக்குழாய் கிழியும்.

கடைசியில், பின்னுக்குத் தள்ளியிருந்த முன்தோலை இழுத்து மூடுங்கள். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நான் ஒருமுறை மறந்துவிட்டேன். காலை ரவுண்ட்ஸில் பார்த்தால் மொட்டு வீங்கி, பின்னால் தோல் மோதிரம் மாதிரி இறுகிக் கிடக்கிறது. கையால் அழுத்தி, வீக்கத்தை வடியவைத்து, தோலை முன்னால் கொண்டுவர சீனியருக்கு அரைமணி நேரம் ஆனது. தாத்தா திட்டவில்லை. "பரவால்ல தம்பி" என்றார். திட்டியிருக்கலாம்.

பைக் விபத்தில் இடுப்பெலும்பு உடைந்து, குறி நுனியில் ரத்தம் கசிந்தால் மட்டும் டியூபைத் தொடாதீர்கள், யூராலஜியைக் கூப்பிடுங்கள்.

அடிவயிற்று வலி என்று வரும் பையனின் விதைப்பையையும் பாருங்கள். வெட்கப்பட்டு அவனாகச் சொல்ல மாட்டான். விதை முறுக்கியிருந்தால் வலி தொடங்கி சுமார் 6 மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட வேண்டும். சந்தேகம் வலுவாக இருந்தால் ஸ்கேன் வரிசையில் நிறுத்தாதீர்கள்.

ஓ.பி.யில், "வலியே இல்ல சார், ஒன்னுக்கு ரத்தமாப் போச்சு, ரெண்டு நாள்ல நின்னுடுச்சு" என்று பீடி பிடிக்கும் பெரியவர் சொன்னால், நின்றுவிட்டதே என்று அனுப்பிவிடாதீர்கள். சிஸ்டாஸ்கோப்பி (கேமரா குழாயை விட்டு சிறுநீர்ப்பைக்குள் பார்ப்பது) பார்க்கும்வரை சிறுநீர்ப்பைப் புற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டி.ஜே. ஸ்டென்ட் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு நீர் இறங்க வைக்கும் தற்காலிகக் குழாய்) வைத்தவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில், அதை எடுக்க வேண்டிய தேதியைப் பெரிதாக எழுதுங்கள். கூட வந்தவரிடமும் சொல்லுங்கள். கல் வலி போனதும் ஊருக்குப் போய் மறந்துவிடுவார்கள். வருஷம் கழித்து வரும்போது ஸ்டென்டைச் சுற்றியே கல் கட்டியிருக்கும்.