லேப்டாப்புக்கு ரேம் வாங்கும் முன்: புதிதாக வந்தவர்களுக்கு

வெளிநாட்டுக்குப் படிக்க வந்து இறங்கியதும் முடிக்க வேண்டிய வேலைகளைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். சிம் கார்டு, வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று எல்லாம் நான்கு பேரிடம் கேட்டால் நடந்துவிடும். லேப்டாப் விஷயத்தில், அதிலும் ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்தில்தான் நம் பிள்ளைகள் மறுபடி மறுபடி பணத்தை விடுகிறார்கள். "இப்போதைக்கு 8 ஜிபி போதும், பிறகு கையில் பணம் வந்ததும் ரேம் போட்டுக்கொள்ளலாம்" என்று கணக்குப் போட்டு வாங்குகிறார்கள். ஒரு காலத்தில் இது நல்ல கணக்குதான். இன்றைய மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு வருகிறது. அதைக் கழற்றவும் வழியில்லை, கூட்டவும் வழியில்லை.

என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பன் இதில்தான் மாட்டினான். வாங்கும்போதே, பின்னால் ரேம் கூட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறான். "இந்த வரிசையில் முடியும்" என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். படிப்பு சூடு பிடித்ததும் லேப்டாப் திணறத் தொடங்கியது. கம்ப்யூட்டரின் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நினைவகப் பக்கத்தைப் பார்த்தான். ஸ்லாட்டுகள் (ரேம் செருகும் இடங்கள்) 2-இல் 2 பயன்பாட்டில் உள்ளன என்று அதில் இருந்தது. அப்படியானால் 4 ஜிபி ரேம் இரண்டு இருக்கிறது, இரண்டையும் கழற்றிவிட்டு 8 ஜிபி இரண்டு போடலாம் என்று எண்ணி வாங்கி வந்துவிட்டான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். கம்ப்யூட்டரே ஸ்லாட் இருக்கிறது என்று எழுதிக் காட்டினால் யார்தான் நம்பமாட்டார்கள்?

அடிப்பக்கத் திருகுகளையெல்லாம் கழற்றியும் மூடி அசையவில்லை. ரப்பர் பாதப் பட்டையை உரித்துப் பார்த்தால் அதற்கடியில் இன்னும் இரண்டு திருகுகள் இருந்தன. ஒருவழியாகத் திறந்தபோது உள்ளே ஸ்லாட்டும் இல்லை, கொக்கியும் இல்லை. பிராசசருக்குப் பக்கத்தில் பலகையோடு பலகையாக ஒட்டிய கறுப்புச் சிப்புகள்தான் இருந்தன. உறையைப் பிரித்த ரேமைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்றவர் மறுத்துவிட்டார். லேப்டாப் விற்ற கடையில் கேட்டதற்கு, "வரிசையில் முடியும் என்றுதான் சொன்னோம், உங்கள் மாடலில் முடியும் என்று சொல்லவில்லையே" என்றார்கள். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பெட்டியை எடுத்து எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

டாஸ்க் மேனேஜரில் அந்த ஸ்லாட் வரியை மட்டும் நம்பாதீர்கள். அதற்குப் பக்கத்திலேயே ரேமின் வடிவத்தைச் சொல்லும் ஃபார்ம் ஃபேக்டர் என்றொரு வரி இருக்கும். அதில் 'எஸ்ஓ-டிம்' என்று இருந்தால் அது பெரும்பாலும் கழற்றக்கூடிய ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பற்றவைத்த சிப்புகள். அப்போது ஸ்லாட் எண்ணிக்கை என்ன காட்டினாலும் பொருளில்லை. ரேம் வகையின் பெயர் எல்பிடிடிஆர் என்று தொடங்கினாலும் ஏறக்குறைய அதே கதைதான். எல்பிகேம்2 என்ற கழற்றக்கூடிய புதிய வடிவம் வந்திருக்கிறது, ஆனால் மிகச் சில மாடல்களில்தான் இருக்கிறது. 2020-இல் எம்1 சிப்போடு வந்த மேக்புக்குகளிலிருந்து இன்றுவரை எதிலுமே ரேம் கூட்ட முடியாது. மேக் வாங்குபவர்கள் வாங்கும் நாளிலேயே தேவையான அளவை முடிவு செய்துவிட வேண்டும்.

இதைவிட உறுதியான வழியும் ஒன்று உண்டு. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணை, கடைசி எழுத்துவரை விடாமல், குறித்துக்கொள்ளுங்கள். டெல், ஹெச்பி, லெனோவா போன்றவர்கள் தங்கள் மாடல்களுக்கான பராமரிப்புக் கையேடுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எவ்வளவு, எந்தத் திருகு எங்கே என்று படத்தோடு அதில் இருக்கும். ஒரே வரிசைப் பெயரில் ஒரு மாடலுக்கு இரண்டு ஸ்லாட் இருக்கும், இன்னொன்றுக்குப் பாதி பற்றவைத்து ஒரு ஸ்லாட் மட்டும் இருக்கும், மூன்றாவதற்கு ஒன்றுமே இருக்காது. புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் நின்றபடியே செல்போனில் இந்தக் கையேட்டைத் திறந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கூட்ட முடியும் என்று தெரிந்துவிட்டாலும் உடனே வாங்கிவிடாதீர்கள். உங்கள் லேப்டாப் மெதுவாக ஓடுவதற்கு ரேம்தான் காரணமா? நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்து வைத்து, அது திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். நினைவகம் நிரம்பி, அதே நேரத்தில் டிஸ்க்கும் ஓயாமல் ஓடினால் ரேம் போதவில்லை என்று கொள்ளலாம். நினைவகம் பாதிக்குமேல் நிரம்பியிருப்பதைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். நினைவகத்தில் இடம் இருந்தும் பிராசசர் நூறு சதவீதத்தில் நின்றால் ரேம் கூட்டிப் பயனில்லை. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் முதலில் அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் போடுங்கள். பலருக்கு அதுவே போதும். மேக்கில் டாஸ்க் மேனேஜருக்கு ஈடான ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் (நினைவகத்தின் மீதுள்ள நெருக்கடி) பச்சையாகவே இருந்தால் குறை வேறெங்கோ இருக்கிறது.

கட்டுரை எழுதுவது, மின்னஞ்சல், வகுப்பு வீடியோ என்று இருப்பவர்களுக்கு 8 ஜிபியில் ஓட்டிவிடலாம். பத்திருபது டேப் திறந்துவைத்து வேலை செய்பவர்களுக்கும் நிரல் எழுதுபவர்களுக்கும் 16 வேண்டும். வீடியோ எடிட்டிங், விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுவது) என்று இறங்குபவர்கள் 32-ஐ யோசிக்கலாம். இது என் அனுபவக் கணக்கு. மற்றவர் வைத்திருக்கிறார் என்பதற்காக 32 வாங்காதீர்கள். முதல் வருடத்தில் அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கும்.

வாங்கும்போது ரேமின் தலைமுறை லேப்டாப்போடு பொருந்த வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றுக்கானதில் மற்றொன்று உட்காராது. போடும் இரண்டு ரேம்களின் வேகம் வேறுபட்டால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரே அளவில் இரண்டு போட்டால் பலன் நன்றாகத் தெரியும். விற்பவரின் திரும்பப் பெறும் விதிகளை உறை பிரிக்கும் முன்பே படியுங்கள், ரசீதை மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் என்றால் அதன் உத்தரவாதம் இந்த நாட்டிலும் செல்லுமா என்றும், மூடியைத் திறக்க அனுமதி உண்டா என்றும் அதன் தாளிலேயே பார்த்துவிடுங்கள்.

நீங்களே பொருத்துவதானால் அணைத்து, சார்ஜரை எடுத்து, உள்ளே பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டுத் தொடுங்கள். ரேமைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினால் இருபக்கக் கொக்கிகளும் 'டக்' என்று பிடிக்க வேண்டும். டிடிஆர்5 என்றால் முதல் முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே நிற்கலாம். அது புதிய ரேமைப் பழகிக்கொள்ளும் நேரம், பயந்து பவர் பட்டனை அழுத்தாதீர்கள். அன்றிரவே விண்டோஸின் நினைவகப் பரிசோதனையை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பழுதான ரேமைத் திருப்பித் தர இன்னும் நாள் இருக்கும். கழற்றிய பழைய ரேமை விற்றுவிட வேண்டாம். உத்தரவாதத்தில் சர்வீசுக்கு அனுப்ப நேர்ந்தால் அதைத் திரும்பப் போட்டே அனுப்புங்கள்.