0.83 ஓம் ஏன் 1.2-க்குத் தாவியது?

நாலு நாள் வீண். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில், ராத்திரி ராத்திரி வேப்புக்கு (மின் சிகரெட்டுக்கு) காயில், அதாவது சூடேறும் கம்பிச்சுருள், சுற்றியதுதான் மிச்சம்.

26 கேஜ் காந்தல் (Kanthal, சூடேற்றப் பயன்படும் உலோகக் கலவை) கம்பி, 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் காம்பில் ஆறு சுற்று. மின்தடை மீட்டர் 0.83 ஓம் காட்டும். நாலு இழுப்பில் 1.2-க்குத் தாவும். ஆறினால் பழையபடி.

ஐந்து முறை புதிதாகச் சுற்றினேன். காயிலுக்குள் திரவத்தை உறிஞ்சும் பஞ்சைக் குறைத்தேன். பேட்டரியை மாற்றினேன். கடை அண்ணன் "கம்பி டூப்ளிகேட்டு லா" என்றார். (அது அவரிடம் வாங்கிய கம்பிதான்.) புதுச் சுருளிலும் அதே கதை.

பிறகுதான் உறைத்தது. காந்தல், செக்கச்செவேலென்று பழுத்தாலும் மின்தடை நூற்றுக்கு நாலு அளவுதான் ஏறும். இங்கே கிட்டத்தட்ட பாதி ஏறுகிறது. அப்படியானால் கோளாறு காயிலில் இல்லை, ஏதோ இணைப்பில்.

காயில் பொருத்தும் பாகமான அட்டாமைசரைக் கவிழ்த்தேன். காயிலின் ஒரு கால் மாட்டும் பாசிட்டிவ் தூணை அடியிலிருந்து பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருந்தது. விரலால் ஆட்டினால் தெரியாது. தூணைக் குறடால் மெல்லத் திருப்பினால்தான் அசைவு தெரியும். பஞ்சில்லாமல் காயிலைச் சிவக்க வைத்துச் சோதித்தபோதெல்லாம் சூடு தூணில் இறங்கி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையம் இளகியிருக்க வேண்டும்.

காயிலைக் கழற்றிவிட்டு அந்தத் திருகை இறுக்கினேன். அளவாகத்தான், வளையம் நசுங்கினால் ஷார்ட் ஆகும். கம்பிக் காலையும் இம்முறை திருகு முறுகும் திசையிலேயே வளைத்தேன். எதிர்த்திசையில் வைத்தால் இறுக்க இறுக்க வெளியே பிதுங்கும்.

மூன்று வாரமாக 0.83, சூட்டில் 0.84. பஞ்சு மாற்றும்போதெல்லாம் அடித்திருகை ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.