துணி வாங்கும் முன் போட வேண்டிய குவில்ட் கணக்கு

கணக்கு என்றாலே முகம் சுளிப்பவர்கள்கூட, குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) என்று வந்தால் கால், அரை, முக்காலை மனசுக்குள்ளேயே கூட்டிவிடுவார்கள். இடறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில்தான்: துணியின் பன்னா (அகலம்), தையலுக்கு விடும் கால் இஞ்ச், முக்கோணம்.

ஒற்றைக் கட்டிலுக்கு 60×84 இஞ்ச் போர்வை என்று வைத்துக்கொள்வோம். 4 இஞ்ச் சதுரங்கள், அடர் நிறமும் வெளிர் நிறமும் மாறி மாறி. குறுக்கே 15, நெடுக்கே 21, மொத்தம் 315. இதில் அடர் நிறம் 158, வெளிர் 157. நாலு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குப் போவதால் வெட்டும் அளவு 4½. தைத்து முடிந்த அளவையும் (4) வெட்டும் அளவையும் (4½) நோட்டில் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டையும் குழப்பித்தான் துணி பற்றாமல் போகிறது.

பெங்களூரு சிக்பேட்டைத் துணிக்கடையில் விலை கேட்பதற்கு முன் பன்னா கேளுங்கள். 44 இஞ்ச் துணியில் கரையும் சுருக்கமும் போக 42 நிற்கும். துணியின் குறுக்கே 4½ இஞ்ச் அகலப் பட்டைகளாக வெட்டினால் ஒரு பட்டைக்கு 9 சதுரம். 158 சதுரத்துக்கு 18 பட்டை, 81 இஞ்ச். மீட்டருக்கு 39.37 இஞ்ச் என்றால் 2.06 மீட்டர். நீளத்திலும் சுருங்கும் என்பதால் இரண்டேகால் மீட்டர் வாங்கலாம். அதே துணி 36 இஞ்ச் பன்னாவாக இருந்தால், கரையும் சுருக்கமும் போகப் பட்டைக்கு 7 சதுரம்தான் வரும், 23 பட்டை வேண்டும், 3 மீட்டர் வாங்க வேண்டியிருக்கும். விலை குறைவு என்று வாங்கியது அங்கே கையைக் கடிக்கும். எதுவானாலும் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள்.

தையலுக்கு விடும் கால் இஞ்சில் அரை நூல் (1/16 இஞ்ச்) கூடினால் என்ன ஆகிவிடும்? ஒவ்வொரு தையலும் இரண்டு துண்டைத் தின்கிறது, ஆக ஒரு நூல், அதாவது 1/8 இஞ்ச். குறுக்கே 14 தையல். வரிசை 1¾ இஞ்ச் குட்டையாகிவிடும். எல்லா வரிசையும் ஒரே மாதிரி குறைந்தால் தப்பிக்கலாம். ஒன்று குறைந்து ஒன்று குறையாமல் போனால்தான் மூலைகள் சேராது. அதனால் முதலில் 2½ இஞ்ச் பட்டை மூன்றை இணைத்து, மடிப்பை அழுத்தி அளந்து பாருங்கள். 6½ வர வேண்டும். குறைந்தால் ஊசியை வலப்பக்கம், துணி விளிம்பை நோக்கி ஒரு மயிரிழை நகர்த்துங்கள். மடிப்பே கொஞ்சம் துணியை விழுங்கும்.

வட கர்நாடகத்துக் கௌதிப் போர்வையில் பழைய புடவைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து ஓட்டத் தையல் போடுவார்கள். அதற்கு இந்தத் தலைவலி இல்லை.

ஒரே நிறச் சதுரத்துக்குப் பதில் இரு நிற முக்கோணங்கள் சேர்ந்த சதுரம் வேண்டுமானால், முக்கோணத்துக்கான சதுரத்தை வெட்ட முடிந்த அளவோடு ஏழு நூல் (7/8) சேர்க்கச் சொல்வார்கள். ஏன் அரை இஞ்ச் போதாது? மூலைக்கு மூலை வெட்டிய குறுக்குவெட்டுப் பக்கத்திலும் கால் இஞ்ச் விட வேண்டும். சரிவாக இருப்பதால் அது நேர்ப்பக்கத்தில் கூடுதலாக இழுக்கும். கணக்கில் 0.854 வரும், டேப்பில் 7/8 என்று வைத்துக்கொள்கிறோம். எனவே 4 இஞ்சுக்கு 4⅞. அந்த ⅞ பலருக்கும் எரிச்சல். அவர்கள் இரண்டு நிறத்திலும் 5 இஞ்ச் சதுரம் வெட்டி, நல்ல பக்கம் உள்ளே வர ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் இஞ்ச் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டி, 4½க்குச் சீராக்கிக்கொள்கிறார்கள். கொஞ்சம் துணி வீண்தான், ஆனால் இதுதான் நிம்மதியான வழி. இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்து எடுங்கள், தேய்த்து இழுக்காதீர்கள். குறுக்குவெட்டுத் துணி இழுபடும்.

போர்வை விளிம்பைச் சுற்றித் தைக்கும் ஓரப்பட்டிக்குச் சுற்றளவு 288 இஞ்ச், மூலைக்கும் இணைப்புக்கும் 10, ஆக 298. 42 இஞ்ச் பட்டை ஏழு சேர்ந்தால் 294தான், நாலு இஞ்ச் இடிக்கும். எட்டாக வெட்டுங்கள்: அகலம் 2½, மொத்தம் 20 இஞ்ச். அரை மீட்டர் 19.7 இஞ்ச்தான், முக்கால் மீட்டராகவே கேட்டுவிடுங்கள்.